மீசை நுரையோடு ஒரு மன்னிப்பு

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பையனுக்குக் கெட்ட பழக்கம் இருக்கக் கூடாது. படிப்பு கொஞ்சம் குறைந்தாலும் போகட்டும், முன்தலையில் முடி கொட்டியிருந்தாலும் போகட்டும், குடி மட்டும் ஆகாது. ஊரிலிருந்து போனில் இதை அறிவித்தவர் என் அப்பா. விசைப்படகிலிருந்து இறங்கியதும் அவர் நேரே எங்கே போவார் என்பது தூத்துக்குடிக் கடற்கரை நண்டுகளுக்குக்கூடத் தெரியும். தனக்குக் கிடைக்காத நல்ல மருமகன் என்ற பட்டத்தைத் தன் மருமகனாவது வாங்கட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

பெண்ணுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று இரண்டு தரப்பிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மீன் கழுவத் தெரியுமா என்று கேட்டார்கள். கோயிலில் பாடுவாளா என்று கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடுவாளா என்று மிகுந்த ஆர்வத்தோடு கேட்டார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

எனக்கு உண்டு. பீர் மட்டும். அதுவும் கண்ட பீரும் இல்லை.

இது என் குற்றமில்லை, என் உத்தியோகத்தின் குற்றம். துபாயில் ஒரு பழச்சாறு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மாம்பழச் சாற்றையும் கொய்யாச் சாற்றையும் ஒரு மடக்கு வாயில் வைத்து, கொப்பளித்து, துப்பி, புளிப்பு கூடியிருக்கிறதா, டப்பா வாடை அடிக்கிறதா என்று சொல்வதுதான் பிழைப்பு. ஒருநாள் பர் துபாய்ப் பக்கத்து பப் ஒன்றிலிருந்து மாம்பழக் கூழ் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். பீரில் போடுவதற்காம். கூழ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவரக் கம்பெனி என்னை அனுப்பியது.

அந்த பப்பின் முதலாளி ஒரு ஸ்காட்லாந்துக்காரர். மூக்குத் தோல் எப்போதும் வெயிலில் உரிந்தபடி இருக்கும். தன்னுடையது 'இண்டிபென்டன்ட் பப்' என்று இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை சொல்லுவார். பெரிய கம்பெனி எதற்கும் கட்டுப்படாத சுதந்திர பப். அந்தச் சுதந்திரம் ஒரு பழைய ஹோட்டலின் பின்புறத்தில், சலவை அறைக்கும் லிஃப்டுக்கும் நடுவே இருந்தது. ஹோட்டல்காரர்கள் சொன்ன நேரத்துக்குத் திறந்து, சொன்ன நேரத்துக்கு மூட வேண்டும். ஏசியின் குளிரைக்கூட ஹோட்டல்தான் தீர்மானிக்கும். மற்றபடி முழுச் சுதந்திரம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் எஃகுப் பானைகள் வைத்துச் சொந்தமாகவே பீர் காய்ச்சினார்.

மாம்பழ பீரை ஒரு சின்ன கிளாஸில் ஊற்றிக் கொடுத்து எப்படி இருக்கிறது என்றார். நன்றாக இல்லை, கூழை அதிகம் சூடாக்கிவிட்டீர்கள், வெந்த வாடை வருகிறது என்றேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கிளாஸை நீட்டி, "இது?" என்றார். அன்றிலிருந்து அங்கே எந்த விழா நடந்தாலும் எனக்கு அழைப்பு வரும். என் நாக்கை முதன்முதலாக மதித்த ஆண்பிள்ளை அவர்தான். எங்கள் வீட்டில் அதற்கு நீளம் என்ற ஒரே குணத்தைத்தான் கண்டுபிடித்திருந்தார்கள்.

அங்கே வருகிற கூட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரில் மறைவாக நின்று குடிப்பவன் குடிகாரன். இங்கே கிளாஸை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, மோந்து, கண்ணை மூடித் தியானித்துவிட்டுக் குடிப்பவர் ரசிகர். ஒருவருக்கு அதில் ஈரப் புல் வாசம் வரும். இன்னொருவருக்குக் குதிரைப் போர்வை வாசம் வரும். நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணக்காளர், பிறந்ததிலிருந்து குதிரைக்குப் பக்கத்தில் போயிராதவர், கண்ணை மூடிக்கொண்டு 'குதிரைப் போர்வை' என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். போர்வையை நக்கிப் பார்த்த அனுபவம் எல்லாருக்கும் இருக்கும் போல.

இவர்களிடம் இன்னொரு வியாதியும் உண்டு. சம்பளத்தை மறைப்பார்கள், வயதை மறைப்பார்கள், எங்கே போகிறோம் என்று மனைவியிடம் மறைப்பார்கள். ஆனால் ஒரு பீரின் ஜாதியை யாராவது மாற்றிச் சொல்லிவிட்டால் வாயைப் பூட்ட முடியாது. கறுப்பு பீரில் ஸ்டௌட், போர்ட்டர் என்று இரண்டு உண்டு. ஒரு வயிற்றுப் பிள்ளைகள், பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுதான். ஒன்றை மற்றதன் பெயரால் சொல்லிப் பாருங்கள். சாவு வீட்டில் அழுதுகொண்டிருப்பவர்கூட மூக்கைத் துடைத்துவிட்டு வந்து திருத்துவார். ஊரில் ஜாதி பார்ப்பதையே விட்டுவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்கள் அதைப் பீரில் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள்.

நான் தங்கியிருப்பது ஷார்ஜாவில், ரோலாவில், சித்தி வீட்டில். ஷார்ஜாவில் ஒரு சொட்டு மது கிடையாது. சித்தி ஒரு கிளினிக்கில் நர்ஸ். சித்தப்பா கத்தாரில், ராஸ் லஃபானில், கேஸ் கம்பெனியில். லீவு கிடைத்தால் வருவார், கிடைக்காத நாளெல்லாம் போனில் வருவார். சித்தி டூட்டி முடிந்து வந்து வெங்காயம் நறுக்கும் நேரம் பார்த்துப் போன் அடிக்கும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நறுக்குவாள்.

"முதல் ரிங்ல ஏன் எடுக்கல?" என்பார்.

"கையில ஈரம்ங்க."

"ம். சரி, போவட்டும். மன்னிச்சிட்டேன்."

கோயில் பிக்னிக்குக்குக் கேட்காமல் பெயர் கொடுத்ததற்கு ஒருநாள் மன்னிப்பார். ஊரிலிருக்கும் தன் அக்காவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்ல மறந்ததற்கு ஒருநாள் மன்னிப்பார். மன்னிக்காமல் அவர் போனை வைத்து நான் கேட்டதில்லை. சித்தி ஒவ்வொரு தடவையும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுப்பாள். நல்ல வேளை, கண்ணில் தண்ணீர் வந்தால் காரணம் கையிலேயே இருந்தது.

பையன் கிடைத்தார். எங்கள் ஊருக்கு மூன்று கோயில் பங்கு தள்ளி அவர் ஊர். ஜெபல் அலியில் சேஃப்டி ஆபீஸர். வீடியோ காலில் பார்த்தோம். சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்து பாதித் திரையை அடைத்துக்கொண்டாள். என் வேலையைப் பற்றிக் கேட்டார். பழச்சாற்றைத் துப்புவதற்கா சம்பளம் என்று நானே கேலி செய்தபோது நன்றாகச் சிரித்தார், பிறகு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று உண்மையாகவே விசாரித்தார். நான் பேசுவதை ஒருவர் குறுக்கே பாயாமல் கேட்டு நாளாகியிருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒளிப்பானேன், ரொம்பவே பிடித்துப்போயிற்று.

கடைசியில் சித்தி தொண்டையைக் கனைத்தாள். "தம்பிக்குப் பழக்கம் ஏதும்...?"

"ஐயோ ஆன்ட்டி, டீ மட்டும்தான். பூசையில சாமியார் அப்பத்தைத் திராட்சை ரசத்துல தோய்ச்சுக் குடுத்தாக்கூட, எனக்கு வெறும் அப்பம் போதும்னுதான் வாங்குவேன்."

சித்தி அப்படியே உருகிப்போனாள். இவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பது என்ற யோசனையே எனக்கு வரவில்லை. ஒரு வீட்டில் இருந்துகொண்டு, வாடையை மறைக்க ஏலக்காய் மென்றே ஆயுளைக் கழிக்க முடியாது. சித்தி வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், பல் ஆடிவிடும் போலிருந்தது. தவக்காலத்தில் எங்களில் கல்யாணக் காரியம் எதுவும் செய்வதில்லை. பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்து அவர் நேரில் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்றைக்குக் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடுவார்கள் அல்லவா, அப்போது சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினேன். பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன். 'எனக்கு பீர் பிடிக்கும். எப்பவாவது போவேன். உங்களுக்கு ஒத்துவராதுன்னா இப்பவே சொல்லிருங்க.' கண்ணாடியில் இருந்தவள் ஒவ்வொரு தடவையும் பயந்துதான் போனாள். அவர் மாட்டேன் என்றால் எனக்கு வலிக்கும் என்று தெரிந்திருந்தது.

அந்த வருஷம் ரமலானும் தவக்காலமும் சொல்லிவைத்ததுபோல ஒன்றாகவே தொடங்கின. ரமலான் முடியும்வரை பொறுமையாக இருந்த பப் முதலாளி, பெருநாள் போன கையோடு, பாஸ்காவுக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை பீர் விழாவை வைத்துவிட்டார். தவக்காலம் என்று ஒன்று பாக்கி இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் அந்தத் தவக்காலத்துக்கு நோன்பாக விட்டிருந்தது இனிப்பு. பீரைப் பற்றி ஆண்டவரும் என்னிடம் கேட்கவில்லை.

தானியத் திருவிழா ஒன்று நடக்கிறது, போய்வருகிறேன் என்று சித்தியிடம் சொன்னேன். பார்லி தானியம்தானே. சித்தி கொஞ்சம் கம்பு கிடைத்தால் வாங்கி வரச் சொன்னாள். ரோலாவில் துபாய் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பட்டப்பகல், விழா களைகட்டியிருந்தது.

விழா என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மேசைகளைச் சுவரோரம் தள்ளி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பீப்பாய். கையில் காகித வளையம் கட்டி, ஆளுக்கொரு பொம்மை கிளாஸ் கொடுப்பார்கள். மேசை மேசையாகப் போய் ஒவ்வொரு மடக்கு ருசி பார்த்து, பிடித்த பீரின் கிண்ணத்தில் ஒரு பாட்டில் மூடியைப் போட வேண்டும், அதுதான் வாக்கு. இதற்காகவே பயணக்காரர்போல முதுகுப்பை மாட்டி, பழைய விழாக்களின் பெயர் அச்சடித்த பனியன் போட்டு வருகிறவர்கள் உண்டு. எங்கள் ஊரில் கோயில் தேரின் வடத்தைத் தொட்டவர்கள் பேசுவதைப் போல, எந்த ஊரில் எந்த விழாவில் எதைக் குடித்தோம் என்று பேசுவார்கள்.

முதலாளி என்னைப் பார்த்ததும் கறுப்பு பீர் மேசைக்கு இழுத்துப்போனார். அது என் பீர். அதாவது, அந்த போர்ட்டரில் சர்க்கரைக்குப் பதில் பேரீச்சம்பழம் போடச் சொன்னது நான். எந்தப் பேரீச்சம்பழம், எப்போது போட வேண்டும் என்று மூன்று தடவை ருசி பார்த்து மாற்றச் சொன்னதும் நான். ஊற்றுகிறவன் ஊற்றட்டும், நீ பக்கத்தில் நின்று அதில் என்ன இருக்கிறது என்று சொல் என்றார். ஏப்ரனும் மாட்டிவிட்டு, 'பேரீச்சம்பழ போர்ட்டர்' என்று எழுதிய அட்டையை மேசையில் வைத்தார். என் கிண்ணத்தில் மூடிகள் விழுவதைப் பார்க்க எனக்கு ஒரே பெருமை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாங்குகிறவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் எண்ணவும் எண்ணினேன்.

அப்போதுதான் கூட்டத்தில் ஒரு தமிழ்க் குரல் கேட்டது.

"மச்சான், இதைத் தண்ணி மாதிரி முழுங்கக் கூடாதுல. நாக்குல உருட்டு. அங்க பாரு, மொதல்ல இனிப்பு, அப்புறம் ஒரு காபிக் கசப்பு பின்னாடியே வரும் பாரு. என்னத்தப் போட்டிருக்கானுவ! தேவாமிர்தம்ல!"

என் பீரைப் பற்றித்தான். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டி நின்றவர், கையில் லெமன் சோடாவும் கார் சாவியுமாக நின்ற ஒரு அப்பாவிக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். குடிக்காத அந்த நண்பன் எதை நாக்கில் உருட்டுவது என்று தெரியாமல் லெமன் சோடாவையே உருட்டினான். வகுப்பு முடிந்து அவர் இன்னொரு மடக்குக்காக என் மேசைப் பக்கம் திரும்பினார்.

டீ மட்டும் குடிக்கிற சேஃப்டி ஆபீஸர்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன், ரத்தம் கொதித்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். கொதிக்கவில்லை. எனக்கு வந்தது சந்தோஷம். அம்மாடி என்று இருந்தது. பாத்ரூம் கண்ணாடி முன்னால் நடுங்கியது எல்லாம் வீண். இவரும் என் ஆள்! இவரும் பயந்துபோய்த்தான் சித்தி முன்னால் டீ என்று சொல்லியிருக்கிறார்! இரண்டு பேரும் பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட அந்த நொடியில் நினைத்துவிட்டேன். பைத்தியக்காரிக்குப் பிள்ளைகள்வரை போய்விட்டது மனசு.

"பாஸ்கா முடிஞ்சுதானே பார்க்கிறதா இருந்துச்சு?" என்றேன் சிரித்துக்கொண்டே.

நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். ஏப்ரனைப் பார்த்தார். சேலையும் பூவுமாக வீடியோவில் இருந்தவளை இந்த முகத்தில் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் அவர் செய்த முதல் காரியம், தன் கையிலிருந்த கிளாஸை நண்பன் கையில் திணித்ததுதான். நண்பனுக்கு இருப்பதோ இரண்டு கை, ஒன்றில் சோடா, ஒன்றில் சாவி. சாவி கீழே விழுந்தது.

"நீங்களா? நான்... இவனைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். இவன்தான்..."

"அட, பரவால்லைங்க," என்றேன். "எனக்கும் பிடிக்கும். உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு எவ்வளவு நாளா பயந்துட்டு இருந்தேன் தெரியுமா? நீங்களும் குடிப்பீங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு உசுரே வந்துச்சு."

"நானுமா? என்ன பேசுறீங்க? இது அவனோடது." நண்பனைக் காட்டினார். நண்பன் குனிந்து சாவியைத் தேடிக்கொண்டிருந்தான், நிமிரவே இல்லை. "நீங்க இந்த மாதிரி இடத்துல... குடும்பப் பொண்ணுன்னு சொன்னாங்க. அதுவும் தவக்காலத்துல!"

அவர் மீசையில் நுரை இருந்தது. என் போர்ட்டரின் நுரை, லேசான காபி நிறத்தில், இரண்டு ஓரத்திலும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் மறைக்கக்கூட மெனக்கெடாமல் அதை மூக்குக்குக் கீழே ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். துடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

அவர் என் ஏப்ரனை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். முகம் சாந்தமாயிற்று.

"சரி. வயசுக் கோளாறு, சேர்க்கை சரியில்ல. நான் இதை மனசுல வெச்சுக்க மாட்டேன். மன்னிச்சிட்டேன்."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். நண்பன் மட்டும் திரும்பி வந்து, முக்கால்வாசி காலியான கிளாஸை நீட்டி, "சிஸ்டர், இதை எங்க வைக்க?" என்று கேட்டான். பாவம், அவன் ஒருவன்தான் அன்றைக்கு என்னிடம் மரியாதையாகப் பேசியவன். எனக்கு நெஞ்சு வலித்தது. கோபத்தில் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனே, அந்த வெட்கத்தில்.

நான் ரோலாவில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அந்த மன்னிப்பு எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. நண்பனைக் கூட்டிப்போக வந்த இடத்தில் உங்கள் பெண்ணைக் குடிகாரர்கள் நடுவில் பார்த்தேன், இருந்தாலும் சம்பந்தத்தை விட மாட்டேன் என்று சித்தியிடம் போனில் சொல்லியிருக்கிறார். சித்தி கதவைத் திறந்ததும் கேட்டாள்.

"ஏட்டி, நீ குடிப்பியா?"

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு உண்டு.

"ஆமா சித்தி. பீர் மட்டும். அவரும் குடிச்சாரு."

"அவரு கூட்டாளியக் கூட்டிட்டுப் போவ வந்தாராம்ட்டி. வாயில வந்ததெல்லாம் சொல்லாத." என்று அழுதாள்.

அப்பா ஊரிலிருந்து போன் போட்டுக் கத்தினார். என் மானம் போச்சே என்றார். அவர் குரலே அந்த நேரத்தில் நேராக நிற்க முடியாமல் இருந்தது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை கூப்பிட்டாள், மாமா கூப்பிட்டார், ஜித்தாவில் ஷரஃபியாவிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன்கூடக் கூப்பிட்டான். எல்லாருக்கும் ஒரே பாட்டு. வேற பையனா இருந்தா இந்நேரம் நாறடிச்சிருப்பான், இவன் தங்கம், உன் அதிர்ஷ்டம். குருத்து ஞாயிறிலிருந்து பாஸ்காவரை ஆண்டவர் பட்ட பாட்டை எங்கள் வீட்டில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. என் பாடு அதைவிடப் பெரிதாக இருந்தது.

பாஸ்கா முடிந்த சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை ரோலாவுக்கு வந்தார். கூடவே அதே நண்பன். கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். இந்த ஊரில் விருந்துக்குப் போகிறவர்கள் வேறெதை வாங்குவார்கள். சித்தி சமோசாவும் டீயும் வைத்தாள். ராஸ் லஃபானிலிருந்து சித்தப்பா வீடியோவில் வந்தார். போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்திருந்ததால் அவர் எல்லாரையும் கொஞ்சம் கீழேயிருந்து பார்த்தார்.

"தம்பி, உங்களுக்குப் பெரிய மனசு," என்றார் சித்தப்பா. மன்னிப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குள் ஒரு மரியாதை இருக்கும்தானே.

மாப்பிள்ளை அடக்கமாகச் சிரித்தார். "நான் பெருசா ஒண்ணும் கேக்கல அங்கிள். செஞ்சது தப்பு, இனிமே அந்தப் பக்கம் போகமாட்டேன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை. அது போதும். அடுத்த ஞாயிறே ஊர்ல ஓலை வாசிக்கச் சொல்லிரலாம்."

ஓலை என்பது எங்கள் கோயில் வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்பார். ஓலை வாசித்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். பிறகு திரும்ப முடியாது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சித்தியின் உதடு செபம் சொல்வதுபோல அசைந்தது.

"சொல்றேன்," என்றேன். "அந்த இடத்துல அப்படி என்னதான் இருக்கு? ஒண்ணும் நல்லா இல்ல. அந்தக் கறுப்பு ஸ்டௌட் ஒண்ணு, சர்க்கரையைக் கொட்டி வெச்சிருந்தாங்க. வாயில வைக்க முடியல."

அவர் டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நின்றார். நண்பன் சமோசாவைக் கடித்தபடி அவரைக் கவலையோடு பார்த்தான். அவர் தாங்கிக்கொண்டார். ஒரு வாய் டீ குடித்தார்.

"ஸ்டௌட்டுன்னாலே இப்படித்தான் போல," என்றேன் சித்தியிடம். "வெறும் சர்க்கரைத் தண்ணி. மட்டமான ஸ்டௌட்."

"ஸ்டௌட் இல்ல," என்றார் அவர். கிளாஸ் டக்கென்று மேசையில் இறங்கியது. "அது போர்ட்டர். அதுல சர்க்கரையே கிடையாது, பேரீச்சம்பழம். பின்னாடி ஒரு காபிக் கசப்பு வரும், அதை நீங்க கவனிக்கல. அந்த விழாவுலேயே அதுதான்..."

நுணலும் தன் வாயால் கெடும். நண்பன் கண்ணை மூடிக்கொண்டான். சித்தி கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது சித்தப்பா கேட்பார், சித்தி கேட்பாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

ஜக்கிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "ஹ! சரி சரி. ஆம்பளப் புள்ளைன்னா அப்பிடி இப்பிடி இருக்கத்தான் செய்யும். இதப் போயி பெருசாக்கிக்கிட்டு. யல்லா, மேல ஆக வேண்டியதப் பாப்போம்."

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. வீட்டில் போட்ட ஒரே நிபந்தனை ஒரு சமோசா ஆறுவதற்குள் காற்றில் போயிற்று. மாப்பிள்ளைக்கும் மூச்சு வந்தது, சிரிப்பும் வந்தது. "பாத்தீங்களா, பெரியவங்க எப்படி லேசா எடுத்துக்கிறாங்க," என்றார் என்னிடம். "இப்ப உங்க வார்த்தையைச் சொல்லுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை.

"நீங்க குடிச்சதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்றேன். "அன்னிக்கு உங்க கையில கிளாஸைப் பார்த்தப்ப எனக்கு இருந்த சந்தோஷம் உங்களுக்குத் தெரியாது. அந்த பீர்ல பேரீச்சம்பழம் போடச் சொன்னதே நான்தான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஆனா நீங்க என்ன செஞ்சீங்க? கிளாஸை உங்க கூட்டாளி கையில குடுத்தீங்க. அன்னிக்கு அவர் பக்கத்துல நின்னாரு. நாளைக்கு நான் நிப்பேன். வீட்ல எது தப்பாப் போனாலும் கிளாஸ் என் கையிலதான் இருக்கும். நீங்க மீசையில நுரையோட என்னை மன்னிச்சிட்டே இருப்பீங்க."

சித்தி பக்கம் திரும்பினேன்.

"ஓலை வாசிக்க வேண்டாம் சித்தி. தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னுதானே சாமியார் கேப்பாரு? எனக்குத் தெரியும். நானே சொல்லிட்டேன்."

அவர் எழுந்தார். இதற்கு மேல் இறங்கி வர முடியாது என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நண்பன் வாசலில் ஒரு நொடி நின்று, "டீ நல்லா இருந்துச்சு ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் ஜக்கிலிருந்து இடி இறங்கியது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் சித்திக்கு. "உன்னை நம்பி ஒரு புள்ளைய விட்டாவ பாரு, அவுகளச் சொல்லணும். நீ வளத்த லட்சணம் இது. எங்க போறா, வாறான்னு பாக்கத் துப்பில்ல. நாளைக்கு நான் ஊர்ல எப்படித் தலை காட்டுவேன்? வீட்ல ஒரு பொம்பள ஒழுங்கா இருந்தா..." சித்தி ஈரக் கையை நைட்டியில் துடைத்தபடி திரைக்கு முன்னால் நின்றாள். கத்திக் கத்தி அவருக்கு மூச்சு வாங்கியது. குரல் மெல்ல இறங்கியது. எனக்குப் பழகிய இறக்கம்தான் அது.

"ம். ஒனக்கும் அறிவு அவ்வளவுதான். சரி, போவட்டும், மன்னிச்சி..."

சித்தி சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை விட்டுப்போன பெட்டியைத் திறந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கினாள்.

"கல்யாணம் ஆன நாள்லருந்து மன்னிச்சிட்டேதான்ட்டி இருக்காரு," என்றாள். "நான் என்ன தப்பு செஞ்சேன்னு ஒருநாளும் கேட்டதில்ல."

பழத்தை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். போன் மறுபடி அடித்தது.

"அடிக்கட்டும்," என்றாள் சித்தி.